நின்ற லொறியிலிருந்து விழுந்தவன்

கருவாடு பாரமில்லாத சாமான். அதன் ஆபத்தே அதுதான். உப்பு மூட்டை ஏற்றினால் பக்கப் பலகை நிறைய முன்னரே சில்லுகள் மண்ணில் பதிந்து, போதும் போதும் என்று சொல்லிவிடும். கருவாடு அப்படியில்லை. சாக்குக்கு மேல் சாக்கு அடுக்க அடுக்க லொறி வாயே திறக்காமல் நிற்கும். பலகை தாண்டி, கபின் தாண்டி, மீன் காயவைக்கிற வாடியின் கிடுகுக் கூரையும் தாண்டிப் பாரம் உயரும். அதன் உச்சியில் ஒருவன் ஏறி நின்றால், கீழே மீன் பிரட்டுகிற பெண்கள் அவனை அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். அவனுக்குப் பின்னால் மன்னார்த் தீவின் தென்கரை நெடுக வெள்ளைக் காற்றாலைகள் வரிசையாய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். அவனும் அந்த வரிசையில் ஒன்றுபோலத் தெரிவான்.

அந்த உயரத்தில் பதினேழு வருடம் நின்றவன் மில்ரன்.

எருக்கலம்பிட்டி அப்துல் றசாக்கின் ஆறு சில்லு லொறி அது. கிழமைக்கு இரண்டு தடவை மில்ரன் அதில் தென்கரை வாடியிலிருந்து கொழும்புக்குக் கருவாடு கொண்டுபோவான். காட்டுப் பாதையில் யானை வழிமறித்து நின்ற நாட்கள் உண்டு. றோட்டு எது குளம் எது என்று தெரியாத மாரி நாட்களில், கரையோர மரங்களைக் குறியாக வைத்து ஓட்டியிருக்கிறான். பதினேழு வருடத்தில் லொறியில் ஒரு கீறல் இல்லை. அவன் உடம்பிலும் இல்லை.

அந்தக் கரையில் லொறி ஓடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. தன் பாரத்தைத் தானே ஏறிக் கட்டவேண்டும். பாரத்தை மூடுகிற படங்கை விரித்து, நாலு மூலையும் இழுத்து, கயிறு போட்டு முடிகிறவரை மற்ற ஆளை மேலே ஏற விடமாட்டார்கள். கீழே நின்று கயிறு கொடுக்க மட்டும் ஒருவர் போதும். ஏன் என்று கேட்டால் மில்ரன் சொல்வான்: “மற்றவன் போட்ட முடிச்சோட இருநூறு மைல் ஓடுறது, மற்றவன்ர பல்லால சாப்பிடுற மாதிரி.”

கீழே நின்று கயிறு கொடுப்பவர் சிங்கராசா. வாடியில் சாக்குத் தைப்பதும் ஏற்றுவதும் அவர்தான். மில்ரனைவிட மூன்று வயது கூட. ஊரில் ஒருவரும் அவரைச் சிங்கராசா என்று கூப்பிடுவதில்லை. ‘விட்டான்’ என்பார்கள். அந்தப் பேர் வந்த கதை தெரியாமல் மில்ரனின் கதை விளங்காது.

இரண்டு பேரும் சின்ன வயதில் கரைவலை இழுத்தவர்கள். வலையைக் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மூச்சாய் இழுப்பார்கள். அதில் ஒரேயொரு சட்டம். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சொல்லும்வரை கயிற்றை விடக்கூடாது. தோல் உரிந்தாலும், காலில் முள் ஏறினாலும், விடக்கூடாது. ஒருவன் விட்டால் அவன் பங்குப் பாரம் மற்றவர்களின் தோளில் ஒரே நொடியில் ஏறும். ஒரு பங்குனி மாதக் காலையில் சிங்கராசாவின் கையில் சொறிமுட்டை என்கிற இழுதுமீன் ஒட்டித் தீயாய்ச் சுட்டது. அவர் விட்டார். முன்னால் நின்ற ஆறு பேர் இழுபட்டுத் தண்ணீரில் முகம்குப்புற விழுந்தார்கள். வலை ஒரு பக்கம் தாழ்ந்து, வந்த பாரை மீனெல்லாம் வெளியே போயிற்று. அடுத்த நாள் காலையில் அவர் கரைக்கு வந்தபோது, “டேய், விட்டான் வாறான்!” என்று ஒரு பதினாறு வயதுக் குரல் கத்தியது. அது மில்ரன்.

பேர் ஒட்டிக்கொண்டது. சிங்கராசாவின் கலியாண ஓலையைக் கோயிலில் வாசித்த ஞாயிறுகூடப் பின்வரிசை வாங்கிலில் ஒருவர், “ஆர் மாப்பிள்ளை? ஓ, எங்கட விட்டானோ” என்று சத்தமாய்க் கேட்டார். சிங்கராசா கோபிக்கவில்லை. முப்பது வருடமாய் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மடு மாதா திருவிழா முடிந்த அடுத்த கிழமை. சோளகம் என்கிற தென்மேல் காற்று உச்சத்தில் நின்ற நேரம். வாடி முற்றம் முழுக்க மீன் விரித்திருந்ததால் லொறியைக் காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்த இடம் கிடைக்கவில்லை. குறுக்காக நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தி, கைப்பிறேக் போட்டு, சில்லுக்குக் கல்லும் வைத்தான். ஒரு லொறி இதைவிட அசையாமல் நிற்க முடியாது.

பலகையில் கால் வைத்து, கயிற்றில் தொங்கி, எப்போதும்போல உச்சிக்கு ஏறினான். படங்கின் மூலைக் கயிற்றை வலது உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு உதறி விரித்தான். காற்று அதற்குக் கீழே புகுந்தது. பாயாகிப் புடைத்து எழும்பியது படங்கு.

வாடி முழுக்க ஒரே சத்தம். “பிடி! பிடி! விடாத!”

கரையில் பிறந்த அத்தனை தொண்டையும் கத்தின. அவன் விடவில்லை. கயிறு தோலை அறுத்துக்கொண்டு எலும்பில் நின்றது. பிறகு கால்கள் சாக்கை விட்டு எழும்பின. உச்சிக்கும் மேலே, ஒரு கண்வெட்டு நேரம், மில்ரன் கால் ஒன்றிலும் படாமல் நின்றான். தெற்கே கடல் பச்சையாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. காற்றாலையின் இறகு ஒன்று மெல்ல இறங்கியது. வடக்கே, பனைகளின் தலைக்கு மேலால், மற்றக் கடலின் வெள்ளிக்கோடு. இரண்டு கடலையும் ஒன்றாய் அவன் அதுவரை பார்த்ததில்லை. என்ன வடிவு என்று நினைத்தான்.

அடுத்தது நிலம்.

*

“வேகமா வந்ததோ?” என்று கேட்டார் மங்கையற்கரசி. ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கிறவர். குட்டையான, சிரிக்காத பெண். மில்ரனின் இடது குதிக்கால் எலும்பு மட்டி ஓட்டை மிதித்ததுபோல நொறுங்கியிருந்தது. முள்ளந்தண்டில் ஒரு கணு நசுங்கியிருந்தது. தகடு வைத்துத் தைத்து மூன்று கிழமை.

“இல்லை மிஸ். நிண்டது.”

“லொறியோ?”

“ஓம். கல்லும் வச்சிருந்தனான்.”

பக்கத்துக் கட்டிலில் நறுவிலிக்குளத்து ட்ரைவர். இடுப்பு முறிவு. அவரிடம் திரும்பினார்.

“அண்ணை, உங்கட?”

“என்ரயும் நிண்டதுதான் மிஸ். கபினால இறங்கினனான். ஒரு கையில போன், மற்றக் கையில பிளேன்ரீ. செருப்பு வழுக்கிற்று.”

“ரீ கொட்டினதோ?” என்று கேட்டான் மூன்றாவது கட்டிலில் கிடந்த பெரியமடுக்காரன். நெல் லொறி ஓடுகிறவன், இரண்டு மணிக்கட்டும் மாவுக்கட்டில்.

“நீ கதைக்காத. நீ என்ன யானையோட மோதினனீயோ?”

“பின்பலகைச் சங்கிலி விட்டுப்போட்டுது அண்ணை. நான் பலகையில சாஞ்சுகொண்டு நிண்டன். ஆனா எஞ்சின் ஸ்டார்ட்டில இருந்தது!”

“பெரிய கெட்டிக்காரன். எஞ்சின் ஸ்டார்ட்டிலயாம்!”

மூன்று பேரும் சிரித்தார்கள். “சிரிப்புக் காட்டாதேங்கோடா, முள்ளந்தண்டு நோகுது” என்று மில்ரன் கண்ணீரோடு கெஞ்சினான். மங்கையற்கரசி மட்டும் சிரிக்கவில்லை. மூன்று கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்.

“ஓடேக்க ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கிறீங்கள். நிண்டாப்பிறகு ஒருத்தரும் ஒண்டையும் பிடிக்கிறேல்ல. அதால விழுறீங்கள்.”

“நான் பிடிச்சதாலதான் மிஸ் விழுந்தனான்” என்றான் மில்ரன்.

அவர் அதை அப்போது விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கியது இரண்டு கிழமைக்குப் பிறகு. தோளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு றப்பர்ப் பட்டியை அவன் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்து இழுத்தார். “சரி, விடுங்கோ” என்றார். அவன் விடவில்லை. “விடுங்கோ ஐயா.” கை இன்னும் இறுகியது. அவர் பலமாய் இழுத்தார். மில்ரன் கதிரையோடு இழுபட்டு வந்தானே தவிர விடவில்லை. அவன் முகத்தில் பிடிவாதமும் இல்லை. தன் கையைத் தானே வியந்து பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல.

“நான் விடத்தான் பாக்கிறன் மிஸ்” என்றான் மெதுவாய். “இழுத்தா அது விடாது. தளந்தாத்தான் விடும்.”

அவர் பட்டியைத் தளர்த்தினார். விரல்கள் தாமாகத் திறந்தன. உள்ளங்கைக்குக் குறுக்கே கயிறு அறுத்த தழும்பு, மண்புழு போலச் சிவப்பாய்க் கிடந்தது. கரைவலையின் கதையை அவன் சொல்லச் சொல்ல அவர் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தபடி இருந்தார்.

“ஐயா, கேளுங்கோ. இன்னொருக்கா இப்பிடி விழுந்தா அந்தக் கணு தாங்காது. பெரிய டொக்டர் எழுதி வச்சிருக்கிறார். கால் ரெண்டும் போகும். உங்கட காலை நான் நடக்க வச்சுத் தருவன். கையை நான் ஒண்டும் செய்யேலாது.”

ஒருநாள் எக்ஸ்றேப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நொறுங்கிய துண்டுகளுக்கிடையில், கருமையான இடைவெளிகளில், வெள்ளைப் புகை மாதிரி ஏதோ படர்ந்திருந்தது.

“இது என்ன மிஸ்? படத்தில தூசியோ?”

“புது எலும்பு.”

மில்ரன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் படுத்திருந்தான், சோறு சாப்பிட்டான், பெரியமடுக்காரனோடு சண்டை பிடித்தான். அந்த நேரமெல்லாம் உள்ளே, ஒருவரும் சொல்லாமல், இருட்டில் ஏதோ ஒன்று பொறுக்கிப் பொறுக்கி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கொழும்புக்கும் மன்னாருக்கும் இடையில் அவன் எத்தனையோ தூரம் ஓடியிருக்கிறான். இந்த ஒரு விரற்கடைத் தூரத்தைப் போல் எதுவும் அவனைத் திகைக்க வைத்ததில்லை.

“ரெண்டு கடலும் தெரிஞ்சது மிஸ்” என்றான் திடீரென்று. “விழ முந்தி.”

“பதின்மூண்டு அடி உயரத்திலயோ?” என்று கட்டிலிலிருந்து கேட்டார் நறுவிலிக்குளத்தார். “தம்பி, தலையிலயும் அடிபட்டிருக்கு, படம் எடுக்கச் சொல்லு.”

*

றொசானாவும் அதே வாடியில்தான் வேலை. மில்ரனின் மனைவி. காலையில் மீனைப் பிளந்து உப்பிட்டு, பகலெல்லாம் பிரட்டுவாள். அவன் விழுந்தபோது நாற்பது முழத் தூரத்தில் நின்றாள். அவன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு சொல்லும் அதைப்பற்றிப் பேசவில்லை. வாடைக்காற்றும் மழையும் வந்து, ஊன்றுகோலோடு முற்றத்தில் அவன் முதல் தடவை நடந்தபோது கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தை மாதம் ஊன்றுகோலை மூலையில் சாய்த்துவிட்டு நடந்தபோதும் பார்த்தாள். அன்று மாலை கேட்டாள்.

“திரும்ப மேல ஏறப்போறீங்களோ?”

“லொறி ஓடுறதெண்டா ஏறத்தானே வேணும்.”

“ஏறுங்கோ. நான் மறிக்கேல்ல. ஒரு காரியம் மட்டும். காத்து எடுத்தா விடுவன் எண்டு மாதாவுக்கு முன்னால சொல்லுங்கோ.”

அவன் சுவரில் இருந்த மடு மாதா படத்தைப் பார்த்தான்.

“நான் சொல்லுவன் றொசானா. இந்தக் கை சொல்லாது. மாதாவுக்குப் பொய் சொல்லேலாது.”

அவள் உள்ளே போய் ஒரு படுக்கை விரிப்பை எடுத்து வந்தாள். அன்றிலிருந்து அந்த முற்றத்தில் ஒரு விசித்திரம் தொடங்கியது. காற்று அடிக்கிற நேரம் பார்த்து விரிப்பின் ஒரு முனையை அவன் கையில் கொடுப்பாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வேறு கதை கதைப்பாள். தேங்காய் முடிந்துபோனது, கோயிலில் யாருக்கோ மயக்கம் வந்தது என்று. பேச்சுக்கு நடுவில் சட்டென்று வெட்டி இழுத்து, “விடுங்கோ!” என்பாள். அவன் விடமாட்டான். விரிப்புத்தான் கிழியும். முதல் விரிப்பு நடுவால் கிழிந்தது. இரண்டாவது ஓரத்தால். வேலிக்கு வெளியே நின்று பார்த்த சிங்கராசா, “என்ன தங்கச்சி, புருசனைக் கரைவலையில பிடிச்சுப்போட்டியோ?” என்று கேட்டார்.

“வாங்கோ விட்டான் அண்ணை, நீங்களாவது வந்து சொல்லிக் குடுங்கோ. ஊரில கயிறு விடத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கள்தான்.”

“அதுக்கு எனக்குச் சொறிமுட்டை உதவி செய்தது” என்றார் சிங்கராசா. “இவனுக்கு ஆர் செய்யிறது?”

மூன்றாவது விரிப்பு கலியாணத்துக்கு அவளுடைய அக்கா கொடுத்தது. அதுவும் கிழிந்தபோது றொசானா கிழிந்த பாதியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்து மணலில் இருந்துவிட்டாள்.

“அண்டைக்கு நானும் கத்தினனான்” என்றாள்.

“என்னெண்டு?”

“விடாதேங்கோ எண்டு.”

அவன் கெந்திக் கெந்தி வந்து பக்கத்தில் இருந்தான். “எல்லாரும்தானே கத்தினவை.”

“எல்லாரின்ர குரலும் உங்களுக்குக் கேட்டிராது. என்ர குரல் கேட்டிருக்கும்.”

அவன் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தான். முடியவில்லை.

“ஓம். கேட்டது.”

அவள் அழவில்லை. தலையை ஆட்டினாள், இவ்வளவு நாளும் தான் கணித்து வைத்திருந்தது சரிதான் என்பதுபோல. பிறகு கிழிந்த பாதியை அவன் மடியில் போட்டாள். “இதை ரெண்டா மடிச்சுத் தைச்சா லொறி சீற்றுக்குப் போடலாம்” என்றாள்.

*

சித்திரை கழிந்து அப்துல் றசாக் வந்தார். ஐம்பது கடந்தவர், வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே பேசுகிறவர்.

“மில்ரன், நீ ஓட்டு. ஏறாத. கட்டுறதுக்கு ஒரு ஆளப் போடுறன்.”

“றசாக் நானா, என்ர பாரத்தை இன்னொருத்தன் கட்டி நான் ஓடமாட்டன். அது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். இப்பிடித்தான் சொல்லுவாய் எண்டும் தெரியும். அதுதான் லொறியக் கொண்டு வந்திருக்கன். வா.”

வேலிக்கு வெளியே லொறி நின்றது. பக்கப் பலகையில், பின் சில்லுக்கு மேலே, புதிதாய் ஒட்டிய இரும்பு ஏணி ஒன்று கபின் உயரம்வரை போயிற்று. அதன் மேல் இன்னும் இரண்டு படி மடித்து வைத்திருந்தது, பாரம் உயர்ந்தால் நீட்டிக்கொள்ள. கபின் கதவடியிலும் ஒரு படி, ஒரு கைப்பிடி.

றசாக் ஏணியைத் தட்டிப் பார்த்தார். “பதினேழு வருசமா நீ பலகையிலயும் கயித்திலயும் தொங்கி ஏறினாய். நான் கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருந்தன். எனக்கு ஏன் இது தோணல்ல எண்டு அல்லாஹ்தான் சொல்லணும். எனக்கு விளங்கல்ல, மில்ரன்.”

மில்ரன் முதற்படியில் கை வைத்தான். வெயிலில் சுட்டது. மங்கையற்கரசி சொன்னது நினைவுக்கு வந்தது: முகம் எப்போதும் லொறிக்கு. இரண்டு கை ஒரு கால், இல்லாவிட்டால் இரண்டு கால் ஒரு கை. மூன்று இடம் ஒட்டியிருக்கவேண்டும். குதிக்கவே கூடாது. ஐந்து படி ஏறி, ஐந்து படி இறங்கினான். ஒரு காலத்தில் மூச்சு விடாமல் தாவி ஏறிய உயரம். இப்போது வியர்த்துக் கொட்டியது. இறங்கி நின்று ஏணியைக் கீழிருந்து மேல்வரை பார்த்தான். ஐந்து இரும்புத் துண்டு. பதினேழு வருடமாய் அவன் எதில் நின்றான் என்பதே அப்போதுதான் விளங்கியது. ஒன்றிலும் இல்லை.

*

சோளகம் திரும்பவும் தொடங்கிய ஆனி மாதம். காலை ஒன்பது மணி. மில்ரன் முற்றத்து மீனை ஒதுக்கச் சொல்லிக் காத்திருந்து, லொறியின் மூக்கை நேரே காற்றுக்குக் கொடுத்து நிறுத்தினான். சாக்குகள் அடுக்கி முடிந்தன. வாடி எப்போதும்போல வேலை செய்வதாய்க் காட்டிக்கொண்டது. ஆனால் ஒரு கத்தியும் மீனில் ஓடவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிங்கராசா கீழே நின்றார். “மில்ரன், கையில சுத்தாத.”

“சுத்தேல்ல.”

சிலுவை போட்டுக்கொண்டான். ஏறினான். உச்சியில் முதலில் நாலுகாலில் இருந்தான், பிறகு முழந்தாளில், பிறகு எழுந்து நின்றான். இடது குதிக்கால் மெத்தையான சாக்கில் அமிழ்ந்து, நின்றது. பதினொரு மாதமாய் அவன் பார்க்காத உயரம். காற்றாலைகள் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு இறகும் ஒரு கோயில் முகப்பளவு. அதைப் பம்பரம்போலச் சுற்றுகிற காற்றைத்தான் போன வருடம் இரண்டு கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தான். அந்த நினைப்பில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பயமும் கூடவே வந்தது.

படங்கை முன்பக்கத்திலிருந்து விரித்தான். இரண்டு மூலை சரியாய் வந்து, சிங்கராசா கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது மூலையைத் தூக்கினான்.

காற்று அதுவரை நேரே வந்துகொண்டிருந்தது. இப்போது வாடிக் கூரையில் மோதி, அடியால் வளைந்து, பக்கத்திலிருந்து புகுந்தது. படங்கு ஒரேயடியாய் நிரம்பியது. சிங்கராசாவின் கையிலிருந்த இரண்டு கயிறும் வெட்டுப்பட்டதுபோலப் பறிபோயின. முழுப் படங்கும், அதன் முழுக் காற்றும், இப்போது மில்ரனின் கையில்.

ஒருவரும் கத்தவில்லை.

அது அவனுக்கு நன்றாய்க் கேட்டது, அந்த மௌனம். முப்பது பேருடைய தொண்டையில் முட்டி நின்ற ஒரு சொல். அண்ணாந்த முகங்களுக்கு நடுவில் றொசானாவின் முகம். வாய் திறந்திருந்தது. ஒரு கையில் பாதி பிளந்த மீன். அவளும் கத்தவில்லை. ‘விடு’ என்று கத்தினால்கூடப் பழைய குரலாய்க் கேட்டுவிடுமோ என்று பயந்தவள்போல நின்றாள்.

கை இறுகியது. அவன் அறிந்த கைதான். கயிறு தழும்பின்மேல் ஓடி, பழைய பாதையைக் கண்டுபிடித்தது. கால்கள் இலேசாயின. விரற்கடை அளவு சாக்கு நழுவியது. இன்னொரு விரற்கடை. ஆறு பேர் முகம்குப்புற விழுவது தெரிந்தது. சம்மாட்டியின் கண் தெரிந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் கயிற்றில் ஒருவரும் இல்லை. முன்னாலும் இல்லை. இந்தக் கயிற்றில் அவன் ஒருவன் மட்டும்தான் நின்றான். விட்டால் விழ வேறு ஆளில்லை.

எந்த விரல் முதலில் திறந்தது என்று அவனுக்குத் தெரியாது. பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை. கை திறந்திருந்தது, அவ்வளவுதான். அவன் சாக்கின்மேல் தொப்பென்று இருந்தான்.

படங்கு போயிற்று.

நீலமும் பச்சையுமாய், நாலு கயிறும் வால்போலத் தொங்க, மீன் காய்கிற பந்தல்களுக்கு மேலால் எழும்பியது. றோட்டில் நின்ற கழுதைகள் மூன்றும் திசைக்கொன்றாய்ப் பிய்த்துக்கொண்டு ஓடின. பனையின் உயரம் போய், பனையையும் தாண்டி, சுருண்டு, விரிந்து, காற்றாலையின் வெள்ளைத் தண்டுக்குப் பக்கத்தால் சின்னதாகிக்கொண்டே போயிற்று. வாடி முழுக்கக் கண்ணுக்கு மேல் கை வைத்தபடி நின்றது. அவ்வளவு பாரமான ஒன்று அவ்வளவு இலேசாகப் போவதை அங்கே ஒருவரும் முன்பு கண்டதில்லை. அதோடு ஒரு மனிதனும் போயிருக்கவேண்டியவன் என்பதை ஒவ்வொருவராய் உணர்ந்தார்கள். யாரோ ஒரு பெண் மெல்ல, “யேசுவே” என்றாள்.

“விட்டான்!” என்று கத்தினார் சிங்கராசா. கையிரண்டையும் தூக்கிக் குதித்தார். “டேய், விட்டான்! விட்டுப்போட்டான்!”

கத்திய பிறகுதான் தான் என்ன கத்தினோம் என்று அவருக்கே உறைத்தது. வாடி சிரிக்கத் தொடங்கியது. சிரிப்பு பந்தல் பந்தலாய்ப் பரவியது. உச்சியிலிருந்து மில்ரன் எட்டிப் பார்த்தான்.

“சிங்கராசா அண்ணை” என்று கூப்பிட்டான். முப்பது வருடத்தில் முதல் தடவையாய் அந்தப் பேரைச் சொன்னான். “அந்தப் பேரை இஞ்சால தாங்கோ. இனி அது எனக்கு.”

“போடா. இவ்வளவு காலம் நான் சுமந்தது. சும்மா தரமாட்டன்” என்றார் சிங்கராசா, கண்ணைப் புறங்கையால் துடைத்தபடி.

றொசானா லொறிக்குக் கிட்ட வந்திருந்தாள். மீன் இன்னும் கையில். “எங்க போச்சு?” என்று கேட்டாள்.

மில்ரன் வடக்கே பார்த்தான். பனைகளின் தலைக்கு மேலே ஒரு நீலப் பொட்டு இன்னும் இறங்கவில்லை.

“நல்ல உயரத்தில நிக்குது. அதுக்கு இப்ப ரெண்டு கடலும் தெரியும்.”

“தெரியட்டும். நீங்கள் இறங்குங்கோ. ஆள் அனுப்பி அதை எடுப்பிச்சுத் திரும்பக் கட்டோணும். கொழும்பு கிட்டவோ இருக்கு?”

அவன் திரும்பினான். முகம் லொறிக்கு. இரண்டு கை, ஒரு கால். இரண்டு கால், ஒரு கை. கீழே அவள் உதட்டுக்குள் படியை எண்ணுவது கேட்டது. கடைசிப் படியில் நின்று, தகடு வைத்த இடது குதிக்காலைப் பின்னால் நீட்டி நிலத்தைத் தேடினான்.

நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது.